சாதனைப் பந்தை திருப்பிக் கொடுத்த ரசிகருக்கு வரி கட்டச் சொல்வதா? அமெரிக்காவில் தீராத சர்ச்சை: சட்டம் என்ன சொல்கிறது?

மைதானத்தில் மேட்ச் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் அபிமான வீரர் அடித்த பந்து பறந்து வந்து உங்கள் கையில் விழுகிறது. அது சாதாரண பந்து இல்லை, வரலாற்றுச் சாதனை படைத்த பந்து. விற்றால் லட்சக்கணக்கில் டாலர் கிடைக்கும். ஆனால் நீங்களோ, "இது அவருக்குச் சேர வேண்டியது" என்று சொல்லி வீரரிடமே கொடுத்துவிடுகிறீர்கள். நெகிழ்ந்துபோன கிளப் உங்களுக்கு சில பரிசுகளைத் தருகிறது. எல்லோரும் பாராட்டுகிறார்கள்.

மறுநாள் காலையில் பத்திரிகையைத் திறந்தால், அந்தப் பரிசுக்கு நீங்கள் ஆயிரக்கணக்கான டாலர் வரி கட்ட வேண்டியிருக்கும் என்று செய்தி வந்திருக்கிறது.

இது கற்பனைக் கதை இல்லை. 2011-ல் நியூயார்க்கில் 23 வயது இளைஞர் ஒருவருக்கு நடந்தது. நல்லது செய்தவனுக்கு வரியா என்று அன்றைக்கு எழுந்த கேள்விக்கு இன்றுவரை தெளிவான பதில் இல்லை. ஏன் இந்தக் குழப்பம்? சட்டம் என்ன சொல்கிறது? நியாயம் எந்தப் பக்கம்? விரிவாகப் பார்ப்போம்.

2011 ஜூலை 9: என்ன நடந்தது?

நியூயார்க் யாங்கீஸ் அணியின் கேப்டன் டெரெக் ஜீட்டர். அமெரிக்க பேஸ்பாலில் அவர் பெரிய நட்சத்திரம். அன்று டாம்பா பே ரேஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் 3,000-வது 'ஹிட்' என்ற மைல்கல்லை அவர் எட்டினார். யாங்கீஸ் அணிக்காக ஆடி அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் வீரர் அவர்தான். அதுவும் ஹோம் ரன் மூலமாக! பந்து நேராக கேலரிக்குள் போய் விழுந்தது.

அதை எடுத்தவர் செல்போன் விற்பனைப் பிரிவில் வேலை பார்த்த இளைஞர். படிப்புக் கடன் பாக்கி இருந்தவர். அந்தப் பந்து ஏலத்துக்குப் போனால் லட்சக்கணக்கான டாலருக்கு விலைபோகும் என்று அப்போதே பேசப்பட்டது. ஆனால் அவர் பேரம் பேசவில்லை. பந்தை அப்படியே ஜீட்டரிடம் கொடுத்துவிட்டார்.

பதிலுக்கு யாங்கீஸ் நிர்வாகம் கொடுத்தவை:

- அந்த சீசனில் மீதமிருந்த எல்லா உள்ளூர் ஆட்டங்களுக்கும் உயர்வகுப்பு இருக்கைகள்
- ஜீட்டர் கையெழுத்திட்ட பேட்கள், பந்துகள், ஜெர்சிகள்

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யாங்கீஸ் மைதானத்தின் உயர்வகுப்பு இருக்கை மலிவான விஷயம் இல்லை. மொத்தமாகக் கணக்குப் போட்டால் பல பத்தாயிரம் டாலர் வரும். இதற்கான வருமான வரி 5,000 டாலரில் ஆரம்பித்து 14,000 டாலர் வரைக்கும் போகலாம் என்று அமெரிக்க ஊடகங்கள் அப்போது மதிப்பிட்டன.

இங்கதான் சிக்கல். இருக்கையும் பேட்டும் பொருளாக வந்தன. வரியை மட்டும் பணமாகக் கட்ட வேண்டும். கையில் கடன் இருக்கிற ஒரு இளைஞன், ஆட்டம் பார்த்ததற்காக எங்கே போய் பணம் புரட்டுவான்?

கிரிக்கெட்டில் இந்தப் பிரச்சினை ஏன் இல்லை?

நம் ஊர் ரசிகர்களுக்கு இந்தக் கேள்வி வரும். கிரிக்கெட்டில் சிக்ஸர் போனால் பந்தைத் திருப்பி வீசிவிட வேண்டும். ஏனென்றால் அதே பந்தில்தான் ஆட்டம் தொடர வேண்டும். பந்து தேயத் தேய ஆட்டத்தின் போக்கே மாறும்.

பேஸ்பால் அப்படி இல்லை. ஒரே ஆட்டத்தில் டஜன் கணக்கில் பந்துகள் மாற்றப்படும். கேலரிக்குள் போன பந்து ரசிகருக்குச் சொந்தம் என்பது நூறாண்டு வழக்கம். 1921-ல் நியூயார்க்கில் ஒரு ரசிகர் பந்தைத் திருப்பித் தர மறுத்ததால் மைதானத்தை விட்டு வெளியேற்றப்பட்டார். அவர் கோர்ட்டுக்குப் போனார். அவமானப்படுத்தப்பட்டதற்காக 100 டாலர் இழப்பீடு கிடைத்தது. அதன்பிறகு கிளப்களும் மெல்ல மெல்ல ரசிகர்களிடமே பந்தை விட்டுவிட ஆரம்பித்தன.

அன்றைக்கு அந்தப் பந்தின் விலை சில டாலர்கள். இன்றைக்கு? ஷோஹெய் ஒடானி 2024 செப்டம்பரில் ஒரே சீசனில் 50 ஹோம் ரன், 50 'பேஸ் திருட்டு' என்ற சாதனையைத் தொட்டபோது அடித்த பந்து, ஏலத்தில் சுமார் 43.9 லட்சம் டாலருக்குப் போனது. 2022-ல் ஆரன் ஜட்ஜ் அடித்த 62-வது ஹோம் ரன் பந்து 15 லட்சம் டாலருக்குப் போனது. ஆக, கேலரியில் விழுகிற பந்து என்பது சில நேரங்களில் வானத்திலிருந்து விழுகிற வீடு மாதிரி. வரித்துறை கண்ணில் படாமல் இருக்குமா?

முதல் சர்ச்சை வெடித்தது 1998-ல்

1961-ல் ரோஜர் மாரிஸ் ஒரே சீசனில் 61 ஹோம் ரன் அடித்திருந்தார். 37 ஆண்டுகள் கழித்து, 1998-ல் மார்க் மெக்வயர், சாமி சோசா இருவரும் அந்தச் சாதனையைத் துரத்தினார்கள். அமெரிக்காவே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. 62-வது பந்தைப் பிடிக்கிறவருக்கு பெரும் பணம் காத்திருக்கிறது என்ற பேச்சு ஒரு பக்கம். பந்தைப் பிடித்தால் வீரருக்கே கொடுப்போம் என்று சொன்ன ரசிகர்கள் இன்னொரு பக்கம்.

அந்த நேரம் பார்த்து, அமெரிக்க வருமான வரித்துறையான ஐஆர்எஸ் தரப்பிலிருந்து ஒரு கருத்து வந்தது. பந்தை வீரருக்குத் திருப்பிக் கொடுத்தால் அது 'அன்பளிப்பு'. அன்பளிப்பு வரி கொடுப்பவரின் பொறுப்பு. எனவே ரசிகர்தான் கணக்குக் காட்ட வேண்டியிருக்கும் என்பதுதான் அது. பந்தின் மதிப்பு 10 லட்சம் டாலர் என்றால் வரி ஒரு லட்சம் டாலரைத் தாண்டலாம் என்ற கணக்கும் வெளியே வந்தது.

அதாவது, பந்தை வித்தா வரி, கொடுத்தாலும் வரி!

நாடே கொந்தளித்தது. வெள்ளை மாளிகையின் செய்தித் தொடர்பாளர் மைக் மெக்கரி கூட இதைக் கேலி செய்தார். நாடாளுமன்ற உறுப்பினர்களும் விடவில்லை. கடைசியில் ஐஆர்எஸ் ஆணையர் சார்ல்ஸ் ரொசோட்டி தலையிட வேண்டி வந்தது. 1998 செப்டம்பர் 8-ம் தேதி ஐஆர்எஸ் ஒரு விளக்கம் வெளியிட்டது. அதே நாளில்தான் மெக்வயர் 62-வது ஹோம் ரன்னையும் அடித்தார்.

விளக்கத்தின் சாரம் இதுதான்:

- பந்தைப் பிடித்தவுடன் திருப்பிக் கொடுக்கும் ரசிகருக்கு வருமான வரி இல்லை. பரிசு வேண்டாம் என்று உடனே மறுப்பவர் நிலையும் இவர் நிலையும் ஒன்றுதான்.
- அதே காரணத்தால் அன்பளிப்பு வரியும் இல்லை.
- ஆனால் பந்தை விற்றால் கதை வேறு.

நன்றாகக் கவனியுங்கள். இந்த விளக்கம் பேசுவது பந்தை *சும்மா* திருப்பிக் கொடுப்பவரைப் பற்றி மட்டும்தான். திருப்பிக் கொடுத்ததும் கிளப் பரிசு கொடுத்தால் என்ன என்பதற்கு அதில் பதில் இல்லை. அந்த ஓட்டையில்தான் 2011-ல் அந்த இளைஞர் மாட்டிக்கொண்டார்.

(62-வது பந்து எந்த ரசிகர் கையிலும் சிக்கவில்லை. மைதானப் பராமரிப்பு ஊழியர் ஒருவர் எடுத்து மெக்வயரிடம் கொடுத்துவிட்டார்.)

அமெரிக்க சட்டம் என்ன சொல்கிறது?

மூன்று விதிகள் இங்கே முட்டிக்கொள்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்த்தால் எளிதாகப் புரியும்.

1. எந்த வழியில் வந்தாலும் வருமானம்தான்

அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் அடிப்படையே இதுதான். சம்பளம், வட்டி, லாபம் மட்டும் இல்லை. புதையல் கிடைத்தாலும் வருமானம்தான். ஒஹாயோ மாநிலத்தில் ஒரு தம்பதி 1957-ல் 15 டாலருக்கு பழைய பியானோ ஒன்றை ஏலத்தில் எடுத்தார்கள். 1964-ல் அதைச் சுத்தம் செய்யும்போது உள்ளே 4,467 டாலர் பழைய நோட்டுகள் கிடைத்தன. அதற்கு வரி கட்டத்தான் வேண்டும் என்று 1969-ல் கோர்ட் சொல்லிவிட்டது.

போட்டிகளில் கிடைக்கும் பரிசும் வருமானம்தான். 2004-ல் ஓப்ரா வின்ஃப்ரே தன் டிவி நிகழ்ச்சியில் பார்வையாளர்கள் 276 பேருக்கும் ஆளுக்கு ஒரு புது கார் கொடுத்தது நினைவிருக்கலாம். கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் தெரிந்தது, ஒவ்வொருவரும் ஏறக்குறைய 6,000, 7,000 டாலர் வரி கட்ட வேண்டும் என்று. 'இலவச' கார்!

2. அன்பளிப்புக்கு வாங்குபவர் வரி கட்ட வேண்டாம்

இது பெரிய விதிவிலக்கு. உங்கள் அத்தை ஆயிரம் டாலர் கொடுத்தால் நீங்கள் வரி கட்ட வேண்டியதில்லை. தேவைப்பட்டால் அன்பளிப்பு வரி கணக்கை அவர்தான் காட்ட வேண்டும். அப்படியானால் யாங்கீஸ் கொடுத்ததும் அன்பளிப்புதானே?

அங்கேதான் 1960-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு குறுக்கே நிற்கிறது. ஒரு தொழிலதிபர், தனக்கு வாடிக்கையாளர்களை அறிமுகப்படுத்திய இன்னொரு தொழிலதிபருக்கு ஒரு காடிலாக் காரைக் கொடுத்தார். "இது அன்பளிப்பு" என்று வாங்கியவர் சொன்னார். கோர்ட் ஏற்கவில்லை. கொடுப்பவர் எந்த எதிர்பார்ப்பும் இல்லாமல், மனசார, தாராளமாகக் கொடுத்தால்தான் அது அன்பளிப்பு. செய்த உதவிக்குப் பதிலாகவோ, இனி கிடைக்கப்போகும் உதவியை நினைத்தோ கொடுத்தால் அது வருமானம் என்றது தீர்ப்பு.

இந்த அளவுகோலை யாங்கீஸ் மேல் வைத்துப் பாருங்கள். கிளப்புக்குப் பந்து கிடைத்தது. நல்ல பெயர் கிடைத்தது. டிவியிலும் பத்திரிகையிலும் இலவச விளம்பரம் கிடைத்தது. இதை 'எதிர்பார்ப்பு இல்லாத அன்பு' என்று நிரூபிப்பது கஷ்டம்.

ஊழியர் என்றால் இன்னும் மோசம். முதலாளி ஊழியருக்குக் கொடுப்பதை பொதுவாக அன்பளிப்பாகவே அமெரிக்க சட்டம் ஏற்பதில்லை. 1998-ல் பந்தை எடுத்த அந்த மைதான ஊழியர் மாதிரியானவர்களுக்கு கிளப் என்ன கொடுத்தாலும் அது சம்பளத்தின் நீட்சியாகவே பார்க்கப்படும்.

3. பண்டமாற்றும் விற்பனைதான்

பந்தைக் கொடுத்து இருக்கை வாங்கினால், அது விற்பனைக்குச் சமம் என்று வரித்துறை வாதிடலாம். பணம் கைமாறவில்லை என்பது காரணம் ஆகாது. ரசிகர் அந்தப் பந்துக்குக் கொடுத்த விலை பூஜ்யம். அதனால் கிடைத்த முழு மதிப்பும் லாபம்.

அப்படியானால் பிடித்த நிமிடமே வரி விழுமா?

கோட்பாட்டளவில் இந்த வாதம் உண்டு. புதையல் கிடைத்தால் கிடைத்த ஆண்டே வரி என்றால், பத்து லட்சம் டாலர் பந்தும் புதையல்தானே என்று சில வரி நிபுணர்கள் கேட்கிறார்கள். ஆனால் நடைமுறையில் ஐஆர்எஸ் பந்து பிடித்தவர் வீட்டுக்கு நோட்டீஸ் அனுப்புவதில்லை. விற்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பதே நடைமுறை.

அதற்கு நியாயமான காரணமும் உண்டு: விலை. பிடித்த அன்றைக்கு அந்தப் பந்தின் மதிப்பு என்ன என்று யார் சொல்வது?

2001-ல் பேரி பாண்ட்ஸ் அடித்த 73-வது ஹோம் ரன் பந்து நல்ல உதாரணம். அது தனக்குத்தான் சொந்தம் என்று இரண்டு ரசிகர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 10 லட்சம் டாலருக்கு மேல் போகும் என்று பேசப்பட்ட பந்து அது. விற்று ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ளுங்கள் என்று 2002-ல் நீதிபதி தீர்ப்பளித்தார். 2003-ல் ஏலம் விட்டபோது வந்தது 4.5 லட்சம் டாலர்தான்.

மெக்வயரின் 70-வது பந்து கதையும் அதேதான். 1999-ல் காமிக்ஸ் கலைஞர் டாட் மெக்ஃபார்லேன் அதை சுமார் 30 லட்சம் டாலருக்கு வாங்கினார். 2010-ல், தான் ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டது உண்மைதான் என்று மெக்வயரே ஒப்புக்கொண்டார். அந்தச் சாதனையின் மவுசு போன மாதிரியே பந்தின் மவுசும் போனது. முதல் நாளே 30 லட்சத்துக்கு வரி வாங்கியிருந்தால்?

டாம் பிரேடியின் பந்தும் ஒரு பிட்காயினும்

இது பேஸ்பாலோடு முடியவில்லை. 2021 அக்டோபர் 24. அமெரிக்கன் ஃபுட்பால் ஜாம்பவான் டாம் பிரேடி தன் 600-வது டச்டவுன் பாஸை வீசினார். அதைப் பிடித்த சக வீரர் மைக் எவன்ஸ், சாதனைப் பந்து என்பதே தெரியாமல் முன்வரிசையில் இருந்த ஒரு ரசிகரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். பிறகு அணி ஊழியர் ஓடிவந்து பேசி, பந்தைத் திரும்ப வாங்கினார்.

பதிலுக்கு கிளப் கொடுத்தது கையெழுத்திட்ட ஜெர்சிகள், ஹெல்மெட், அணியின் கடையில் 1,000 டாலருக்குப் பொருள் வாங்கும் சலுகை, அந்த சீசனின் மீதி ஆட்டங்களுக்கும் அடுத்த சீசனுக்கும் டிக்கெட். பிரேடி தன் பங்குக்கு ஒரு பிட்காயின் கொடுத்தார். அன்றைக்கு ஒரு பிட்காயின் விலை 60,000 டாலருக்கு மேல்.

இதில் வரிக் கணக்கு எப்படிப் போகும் பாருங்கள். பிட்காயினை ஐஆர்எஸ் சொத்தாகவே பார்க்கிறது. அது வருமானம் என்று எடுத்துக்கொண்டால், கைக்கு வந்த நாளின் விலைதான் கணக்கு. ஓராண்டு கழித்து, 2022 நவம்பரில் பிட்காயின் 17,000 டாலருக்கும் கீழே போனது. விற்காமல் ஆசையாக வைத்திருந்தவர், 60,000-க்கு வரி கட்டிவிட்டு 17,000-ஐக் கையில் வைத்திருப்பார். 'பரிசு' என்பது சில சமயம் சுமையாகவும் மாறும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

ரசிகருக்கு உண்மையில் எவ்வளவு வலிக்கும்?

ஒரு எளிய கணக்கு. கிளப் கொடுத்த பரிசுகளின் மதிப்பு 40,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ரசிகரின் சம்பளத்துக்கு மேலே வரும் இந்தத் தொகை முழுவதும் 22% வரி அடுக்கில் விழுகிறது என்றால்:

- மத்திய வருமான வரி: 8,800 டாலர்
- மாநில வரி: இருக்கும் இடத்தைப் பொறுத்து தனி. நியூயார்க்கில் உண்டு, டெக்சாஸில் இல்லை.

இதையே பந்தை ஏலம் விட்டவரோடு ஒப்பிடுங்கள். அவருக்கும் வரி உண்டு. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால், சேகரிப்புப் பொருட்களுக்கான வரி அதிகபட்சம் 28%. ஓராண்டுக்குள் விற்றால் சாதாரண வருமான வரி, அதிகபட்சம் 37%. ஆனால் அவர் கையில் பணம் இருக்கிறது. வரி போக மீதியை எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

ஆக, பணத்தைத் தேர்ந்தெடுத்தவர் நிம்மதியாக வரி கட்டுகிறார். பெருந்தன்மையைத் தேர்ந்தெடுத்தவர் கடன் வாங்கி வரி கட்டும் நிலை வரலாம். மக்களைக் கோபப்பட வைப்பது வரி விகிதம் இல்லை, இந்த முரண்பாடுதான்.

"வரி வேண்டாம்" என்பவர்கள் சொல்வது என்ன?

முதல் வாதம், ரசிகர் எதையும் கேட்கவில்லை என்பது. பேரம் பேசாமல் கொடுத்தவரை, பண்டமாற்று செய்த வியாபாரி மாதிரி நடத்துவது சரியா?

இரண்டாவது, மதிப்பு. ஒரு சீசன் முழுக்க உயர்வகுப்பு இருக்கையில் உட்காரும் வசதி விலைப்பட்டியலில் 40,000 டாலராக இருக்கலாம். ஆனால் செல்போன் விற்கும் இளைஞன் சொந்தக் காசில் ஒருநாளும் அதை வாங்கியிருக்கமாட்டான். அவனுக்கு அதன் மதிப்பு உண்மையில் எவ்வளவு? இதற்கு ஒரு முன்னுதாரணமும் இருக்கிறது. ரேடியோ போட்டியில் ஒருவருக்கு தென் அமெரிக்காவுக்கு முதல் வகுப்பு கப்பல் டிக்கெட் பரிசாகக் கிடைத்தது. வரித்துறை 2,220 டாலர் என்றது. அவரோ 520 டாலர் என்றார். நடுத்தர வசதி உள்ள குடும்பத்துக்கு அது அவ்வளவு பெறாது என்று சொல்லி, 1954-ல் வரி நீதிமன்றம் 1,400 டாலராகக் குறைத்தது.

மூன்றாவது, நாடாளுமன்றம் மனசு வைத்தால் முடியும் என்பது. ஒலிம்பிக் பதக்கத்துக்கும் பரிசுப் பணத்துக்கும் வரி போடுவது நியாயமா என்ற கேள்வி எழுந்தபோது, 2016-ல் தனிச் சட்டமே கொண்டுவந்து விலக்கு அளித்தார்கள். ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலரைத் தாண்டும் வீரர்களுக்கு மட்டும் விலக்கு இல்லை. வீரருக்கு முடியும் என்றால் ரசிகருக்கு முடியாதா?

"வரி கட்டத்தான் வேண்டும்" என்பவர்கள் சொல்வது என்ன?

இவர்கள் வாதத்தையும் சும்மா ஒதுக்கிவிட முடியாது.

ஓட்டலில் பரிமாறுபவர் வாங்கும் டிப்ஸ் வருமானம்தான். ராத்திரி ஷிப்ட் பார்த்து நர்ஸ் வாங்கும் கூடுதல் சம்பளம் வருமானம்தான். வியர்வை சிந்திச் சம்பாதித்த பணத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும்; அதிர்ஷ்டத்தில் வந்த 40,000 டாலர் மதிப்புள்ள வசதிக்கு மட்டும் வேண்டாமா?

இன்னொன்று, ஓட்டை விழும் அபாயம். 'திருப்பிக் கொடுத்ததற்கான பரிசு' என்று பெயர் வைத்தால் வரி இல்லை என்று சட்டம் வந்தால் என்ன ஆகும்? நாளைக்கே ரசிகரும் கிளப்பும் பேசிவைத்துக்கொண்டு, இரண்டு லட்சம் டாலர் விற்பனையை 'நன்றிப் பரிசு' என்று எழுதிக்கொள்ளலாம். பேரம் நடந்ததா, மனசார நடந்ததா என்று யார் கண்டுபிடிப்பது?

கிளப் வரியைக் கட்டிவிட்டால் பிரச்சினை தீராதா?

ஓரளவுக்குத் தீரும். 2011-ல் ஒரு பீர் நிறுவனம் அந்த இளைஞரின் வரியைத் தானே கட்டுவதாக முன்வந்தது. விளையாட்டுப் பொருள் விற்பனைத் துறையைச் சேர்ந்தவர்களும் அவருக்குப் பண உதவி அறிவித்தார்கள்.

ஆனால் இதிலும் ஒரு முடிச்சு இருக்கு. உங்கள் வரியை இன்னொருவர் கட்டினால், அதுவும் உங்கள் வருமானம்தான் என்று 1929-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வரிக்கு வரி! மேலே பார்த்த கணக்கில் 8,800 டாலர் வரியை முழுசாகத் தீர்க்க வேண்டுமென்றால், கிளப் சுமார் 11,280 டாலர் கொடுக்க வேண்டும். கூடுதல் தொகை அந்தத் தொகைக்கே உண்டான வரிக்குப் போய்விடும்.

ஆனாலும் இது ஒரு கிளப்புக்குப் பெரிய தொகையா? யாங்கீஸ் போன்ற அணி ஒரே வீரருக்கு ஆண்டுக்குக் கோடிக்கணக்கான டாலர் சம்பளம் கொடுக்கிறது. இலவசமாக வந்த வரலாற்றுப் பந்துக்கும் கிடைத்த விளம்பரத்துக்கும் 11,000 டாலர் என்பது சில்லறை.

இந்தியாவில் என்றால்?

நம் நாட்டு வருமான வரி விதிகளிலும் இதே மாதிரி ஒரு கோடு உண்டு. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் பணம் பரிசாக வந்தால், முழுத் தொகையும் வருமானமாகிவிடும். பொருளாக வந்தால் நகை, பங்கு, நிலம், ஓவியம், கிரிப்டோ என்று குறிப்பிட்ட பட்டியலில் உள்ளவைக்கே இந்த விதி. கிரிக்கெட் பந்து ரசிகருக்குச் சொந்தமாவதில்லை என்பதால், இந்தச் சர்ச்சை இங்கே இதுவரை தலையெடுக்கவில்லை.

வழி என்ன?

இரு தரப்பையும் கேட்டபின், மூன்று விஷயங்கள் தெளிவாகின்றன.

ஒன்று, சும்மா திருப்பிக் கொடுப்பவருக்கு வரி கூடாது. 1998-லேயே ஐஆர்எஸ் இதை ஒப்புக்கொண்டுவிட்டது. ஆனால் அது ஆணையர் வெளியிட்ட விளக்கம்தான். நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இல்லை. அதைச் சட்டத்திலேயே எழுதிவைப்பது நல்லது.

இரண்டு, கையெழுத்திட்ட ஒரு பேட், ஒரு ஜெர்சி, வீரரோடு ஒரு போட்டோ மாதிரியான அடையாளப் பரிசுகளை வரிக்கணக்கில் சேர்க்காமல் விடலாம். அதற்கு ஒரு உச்சவரம்பு வைத்தால் போதும், ஓட்டையும் விழாது. ரசிகர் அந்த பேட்டை என்றைக்காவது விற்றால், அன்றைக்கு வரி வாங்கிக்கொள்ளலாம்.

மூன்று, சீசன் டிக்கெட், கார், பிட்காயின் மாதிரி பெரிய பரிசு என்றால் அது வருமானம்தான். அதைச் சும்மா விடச் சொல்வது, உழைத்து வரி கட்டுபவருக்குச் செய்யும் அநியாயம். ஆனால் அந்தச் சுமையை ரசிகர் தலையில் இறக்கிவிட்டு கிளப் கைதட்டல் வாங்கிப் போவதும் அநியாயம்தான். பரிசு கொடுக்கும்போதே "இதன் மதிப்பு இவ்வளவு, வரி இவ்வளவு வரலாம், அதையும் சேர்த்தே தருகிறோம்" என்று சொல்வதுதான் முறை. வேண்டாம் என்று மறுக்கும் வாய்ப்பையும் ரசிகருக்கு அப்போதே கொடுக்க வேண்டும். கேமரா முன்னால் பரிசை நீட்டிவிட்டால், யாரால் வேண்டாம் என்று சொல்ல முடியும்?

1961-ல் ரோஜர் மாரிஸின் 61-வது பந்தைப் பிடித்த இளைஞர் அதை அவரிடமே கொடுக்க முன்வந்தார். நீயே வைத்துக்கொள், விற்றுக் காசு பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார் மாரிஸ். ஓர் உணவக உரிமையாளர் 5,000 டாலர் கொடுத்து அந்தப் பந்தை வாங்கினார். வாங்கியவர் அதை மாரிஸிடமே கொடுத்தார். ரசிகருக்குப் பணம், வீரருக்குப் பந்து, வாங்கியவருக்குப் பெயர். அந்தக் கணக்கில் யாருக்கும் மனக்கசப்பு இல்லை, ஏனென்றால் வரி கட்டுவதற்கான பணமும் ரசிகர் கையில் இருந்தது.

இன்றைய கிளப்கள் கவனிக்க வேண்டியது அதைத்தான். ரசிகரின் பெருந்தன்மைக்கு நன்றி சொல்வதென்றால், அந்த நன்றிக்கான பில்லையும் அவர்களே கட்டிவிட வேண்டும்.